ஓர் எழுத்தின் விலை

தோட்டங்கள் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டுச் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில், இரண்டு மூன்று தலைமுறைச் சில்லறையைச் சேர்த்து வைத்த பழைய பிஸ்கட் டின் ஒன்று எங்கேனும் ஒரு மூலையில் இருப்பது வழக்கம், அதைத் திறந்தவுடன் எல்லாரும் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை வெள்ளிக்குப் போகும்?" என்பதே. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு நாணயத்தின் மதிப்பு அதன் வயதிலும் உலோகத்தின் எடையிலும் மட்டுமே அடங்கிவிடுவதில்லை.

பீடோங் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நீரிணைக் குடியேற்றங்களின் 1903-ஆம் ஆண்டு வெள்ளி நாணயங்கள் இரண்டை என் முன் வைத்து, "தம்பி, ரெண்டும் ஒரே வெள்ளிதானே? ஒன்னுக்கு மட்டும் ஏன் கூடக் கேக்குறான்?" என்று வினவினார். இரண்டிலும் ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை; இரண்டும் பம்பாய் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை; நிறையும் ஒன்றே. பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபொழுதுதான், பம்பாயைக் குறிக்கும் 'பி' என்ற ஆங்கில எழுத்து ஒன்றில் உள்வாங்கிப் பள்ளமாயும், மற்றொன்றில் புடைத்தும் நிற்பது புலனாயிற்று. காசில் பள்ளமாய் விழுந்த எழுத்து எஃகு அச்சில் மேடாய் நின்றிருக்க வேண்டும். காசில் புடைத்த எழுத்தோ அச்சில் குடையப்பட்டது. ஆக, ஒரே ஆண்டில், ஒரே சாலையில், வெவ்வேறு விதமாய்ச் செய்யப்பட்ட அச்சுகள் உபயோகத்தில் இருந்தன என்பதற்கு அந்த இரண்டு காசுகளுமே சாட்சி. 1903-இல் புடைத்த எழுத்து அபூர்வம். 1904-இலோ அதே புடைத்த எழுத்து சாதாரணம். எழுத்து அருமையானதன்று; அந்த ஆண்டோடு அது கூடியதே அருமை.

அபூர்வமாயிருப்பது மட்டும் விலையாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். அறிந்து தேடுகிறவர்கள் நாலு பேராவது இருந்தால்தான் விலை பிறக்கும். சரண் சிங் அவர்களின் மலேசிய, சிங்கப்பூர், புரூணை நாணயக் கலைக்களஞ்சியம் போன்ற நூலொன்றில் இடம்பெற்ற வேறுபாட்டைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு, எந்த நூலும் சொல்லாத வேறுபாட்டுக்கு, அது எவ்வளவு அரிதாயினும், வாங்குவோர் அரிது. என் அபிப்பிராயத்தில், நாணயச்சாலையில் ஒரு மனிதன் செய்த தீர்மானத்தையோ தவறையோ காட்டுகிற வேறுபாடே போற்றத்தக்கது. தேய்ந்துபோன அச்சினால் மங்கிய கோடுகளையும், பிற்காலத்தில் எவரோ சுத்தியலால் தட்டிய வடுவையும் விசேஷமென்று விற்பது வியாபார தர்மமாகாது.

லயத்து டின்களில் 1903-ஆம் ஆண்டு வெள்ளி கிடைப்பது அருமைதான். 1907-இல் நாணயத்தின் நிறையைக் குறைத்தபொழுதே பழைய பெரிய வெள்ளிகள் செலாவணியிலிருந்து ஒதுங்கலாயின. சாதாரணமாய்க் கிடைப்பவை சதுரக் காசுகளும், மலாயா-பிரிட்டிஷ் போர்னியோவின் பத்துக் காசு, ஐம்பது காசுகளும். அவற்றையும் அலட்சியம் செய்யலாகாது. பர்மிங்ஹாமின் ஹீட்டன் நாணயச்சாலை 'எச்' என்றும், கிங்ஸ் நார்ட்டன் சாலை 'கேஎன்' என்றும் கடுகளவில் தம் முத்திரையைப் பொறித்தன. 1961-ஆம் ஆண்டுப் பத்துக் காசில் 'கேஎன்' இருந்தால் சேகரிப்பாளர் கண்கள் விரியும். ஐம்பது காசில் பாதுகாப்பு விளிம்பு விடுபட்டுப்போனவையும் உண்டு. அது அச்சின் வேறுபாடன்று, விளிம்பின் பிழை, எனினும் தேடுவோர் பலர்.

ஆதலால் அந்த டின்னைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன், ஒவ்வொரு காசையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முக்கியமாக, பூஜைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அந்தத் தேய்ப்பில் முதலில் அழிவது அந்தக் கடுகளவு எழுத்துத்தான்.