கோத்தகிரியில அஞ்சு சென்ட்

இன்னைக்கு மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போய், நாங்க வீடு கட்டப்போற இடத்தைப் பார்த்துட்டு வந்தேன்.

அஞ்சு சென்ட்தான். ரோட்டுல இருந்து பின்வேலிக்குப் போறதுக்குள்ள ஒரு ஆள் உயரத்துக்கு மேல இறக்கம்.

"ஜேசிபி விட்டா ஒரே நாள்ல சமமாக்கிடலாம் சார்"ங்கறார்.

மனசு ஒப்பல.

வெட்டின பக்கம் மலைக்குப் பிடிமானம் போயிடும். மண்ணு கொட்டின பக்கம் வருஷக்கணக்கா அமுங்கும், மேல நிக்கிற சுவர் விரிசல் விடும்.
2009 நவம்பர் மழையில நீலகிரி சரிஞ்சதைப் பார்த்த ஜனங்க நாம.

ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்துல தன் சொந்த வீட்டையே பாறைச் சரிவுலதானே கட்டினார்!

அதனால, சரிவு சரிவாவே இருக்கட்டும்.
ரோட்டு மட்டத்துல சமையக்கட்டு, அம்மா ரூம், பாத்ரூம். அம்மாவுக்கு முட்டி வலி, நடுவுல ஒரு படிகூட வரக் கூடாது.
அரை மாடி கீழ நாங்களும் பசங்களும்.

தடுப்புச் சுவர்ல மட்டும் காசு பார்க்க மாட்டேன். பின்னாடி ஜல்லி நிரப்பி, வரிசையா பைப் ஓட்டை விடணும். மண்ணுல தேங்குற தண்ணிதான் சுவரைத் தள்ளும்.

மலையில வீடு கட்டினவங்க சொல்லுங்க.
தடுப்புச் சுவருக்குக் கருங்கல்லா, கான்கிரீட்டா?
கீழ்வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு இல்லாம மழைத்தண்ணியை எப்படி இறக்கினீங்க?