வீட்டுக்குள் மிளகாய் நாற்றுக்கு எந்த விளக்கு?

திருநெல்வேலி டவுண் ரத வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் பல, சுவரோடு சுவர் சேர்ந்தவை. நடு அறையில் பகலிலும் வெளிச்சம் குறைவு. அங்கே முளைக்கும் மிளகாய் நாற்று வெளிச்சம் தேடி வெளிறி, நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும், பாவம். அதற்கு 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட்டே போதும். செடிக்கென்றே விற்கும் ஊதா விளக்கிலும் நாற்று வளரும். ஆனால் இலையின் மஞ்சளும் அசுவினியும் அதில் சரியாகத் தெரியாது. வெள்ளையே மேல்.

நாற்றுக்கு ஒரு சாண் மேலே விளக்கு. செடி வளர வளர அதையும் ஏற்ற வேண்டும். தினமும் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம், மீதி நேரம் இருட்டு. 20 வாட் விளக்கு 15 மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட்; மாதம் 9 யூனிட்.

பூத்துக் காய்க்க இதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் தேவை. தண்டு தடித்ததும் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடலாம். முதல் வாரம் காலை வெயில் மட்டும்.