எருவும் ஏரும்

திருக்குறளில் உழவு என்னும் அதிகாரத்தைப் பாடங் கேட்ட பொழுது எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரு பலப் புழுதி கால் பலமாகக் குறையும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்பது ஒரு குறளின் கருத்து. அதனையடுத்த குறளோ உழுதலினும் எருவிடுதலே நன்று என்கின்றது. இவற்றுள் உழவன் எதனைக் கைக்கொள்வது? உரைகாரர் இரண்டனையும் பொருத்திக் காட்டுவர். அது சொல்லாராய்ச்சியின் விடை. யாம் விழைந்தது மண் கூறும் விடை. அதனைத் தேடி நூலகத்துட் புகுந்த எமக்கு, இங்கிலாந்து தேயத்துக் கோதுமை வயலொன்றின் வரலாறு அகப்பட்டது.

இலண்டன் மாநகர்க்கு வடக்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவில், ஹார்ப்பெண்டன் என்னும் ஊரின் பக்கத்தே ராதம்ஸ்டெட் பண்ணை உளது. அதன் உரிமையாளர் ஜான் பென்னட் லாஸ் என்னும் நிலக்கிழார். எலும்பு முதலியவற்றை அமிலத்திற் கரைத்து சூப்பர் பாஸ்பேட்டு உரமாக்கும் முறைக்கு 1842-இல் காப்புரிமை பெற்றவர். அவர் 1843-இல் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியல் அறிஞரைத் துணையாக அமர்த்திக்கொண்டார். ஒருவர் நிலத்தை ஆண்டார். மற்றவர் சோதனைச்சாலையை ஆண்டார். 1900-இல் லாஸ் மறையும் வரை 57 ஆண்டுகள் இருவரும் பிரியாது உழைத்தனர். உரம் விற்கும் செல்வரே உரத்தை ஆராய்ந்தாரெனின் அவ்வாராய்ச்சியை எவ்வாறு நம்புவது என எமக்குத் தோன்றாமலில்லை. ஆயினும், எருவே இடாத துண்டொன்றையும், தொழுவெரு மட்டும் இடும் துண்டொன்றையும் தம் சரக்கிற்கு எதிர்ச்சாட்சிகளாக அவரே நிறுத்தினார் என அறிந்தபின் அவ்வெண்ணம் தணிந்தது.

அவ்வயலின் பெயர் பிராட்பால்க். 1843-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் முதல் விதைப்பு நிகழ்ந்தது. அன்று தொட்டு ஒவ்வோராண்டும் அவ்வயலின் ஏதேனும் ஒரு பகுதியிலாவது கோதுமை விளைந்தே வருகின்றது. நீண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட அந்நிலத்தில் எருவறியாத துண்டு ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கிலோ தானியம் தருகின்றது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பிடி எருவும் இன்றி அது விளைகின்றது என்பது வியப்பே. ஆனால் அவ்விளைவு எருவிட்ட துண்டுகளின் விளைவுக்கு மிகத் தாழ்ந்தது. முந்திய குறளை முற்றும் பொய்யென மண் கூறவில்லை. எனினும் பிந்திய குறளையே அது உரத்த குரலிற் கூறுகின்றது.

செயற்கை உரம் மண்ணைக் கொன்றுவிடும் என மேடைகளிற் கேட்கின்றோம். பிராட்பால்க் அவ்வாறு கூறவில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து மூன்றும் பெற்ற துண்டுகள் இன்றும் நன்கு விளைகின்றன. ஆயின், ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 டன் தொழுவெரு உண்ட துண்டில் மக்குப்பொருள் இருமடங்கிற்கும் மேலாகப் பெருகியுள்ளது. மண்ணின் செல்வத்தை ஓராண்டின் தானிய எடையால் அளத்தற்கு இயலாது என்பதையே இது காட்டுகின்றது.

இவ்வாராய்ச்சியில் எம் உள்ளங் கவர்ந்தது நிலத்தடிக் குழாய்களின் செய்தி. வடிகாலுக்காக 1849-இல் புதைத்த அக்குழாய்களில் ஒழுகிய நீரைப் பிற்காலத்தில் அறிஞர்கள் பகுத்தாய்ந்தனர். மாரிக்கு முன் இட்ட உரத்தின் தழைச்சத்து, நைட்ரேட்டு உப்பாக மாறி, பயிர் உண்ணாமலே நீரோடு ஓடிற்று. உழவன் விலைகொடுத்து வாங்கியதை ஓடை உண்டது! ஆதலின் பயிர் வேண்டும் பருவத்தில் இடுக என்னும் நெறி பிறந்தது. தொழுவெருவும் இக்குற்றத்திற்கு விலக்கன்று. அத்துண்டிலிருந்தும் மாரிக்காலத்தில் நைட்ரேட்டு மிகுதியாகவே கழிகின்றது.

கில்பர்ட், செருமனியில் லீபிக் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். பயிருக்கு வேண்டும் தழைச்சத்தை வானே போதிய அளவு தரும் என்ற தம் ஆசிரியரின் கொள்கையை, இவ்வயலின் சான்று கொண்டே அவர் நெடுங்காலம் மறுத்து நின்றார். இப்பணியின் பயனுணர்ந்த உழவர்கள் பொருள் திரட்டிச் சோதனைச்சாலையொன்றைக் கட்டி 1855-இல் லாஸுக்கு அளித்தனர். தமக்கு ஆராய்ச்சி வேண்டுமென உழவரே கட்டடங் கட்டிக் கொடுத்ததை யாம் வேறெங்கும் படித்ததில்லை.

இவ்வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது. அவ்வடிநீரை ஆய்ந்தவருள் ஒருவர் அகஸ்டஸ் வோல்க்கர். அவர் மகனார் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டு வேளாண்மையைச் சீர்திருத்த வழிகாட்ட வந்த அவர், நம் குடியானவன் ஆங்கில உழவனுக்கு இளைத்தவனல்லன், சிலவற்றில் மேம்பட்டவனே என 1893-இல் வெளியான தம் அறிக்கையில் வரைந்தார். சாணத்தை அடுப்பிலிடாது வயலுக்கு விடவேண்டின், முதலில் விறகுக் காடு வளர்த்திடுக என்றும் வற்புறுத்தினார். கற்பிக்க வந்தவர் கற்றுச் சென்றார் போலும். பின்னர்க் கோயம்புத்தூரிலும் ராதம்ஸ்டெட்டைப் பின்பற்றி 1909-இல் நிலையான எருச் சோதனை தொடங்கிற்று.

இவற்றை யாம் ஆர்வத்துடன் படித்ததற்கு வீட்டுக் காரணமும் உண்டு. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் எமக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை உளது. கொழிஞ்சி வளர்த்து மடக்கி உழுதலும், அறுவடைக்குப் பின் கீதாரிகளை அழைத்து ஆட்டுக்கிடை அமர்த்தலும் பாட்டனார் காலத்து வழக்கம். தமையனார் கைக்குப் பயிர்ப் பொறுப்பு வந்தபின் இரண்டும் நின்றன. கிடைக்கூலி ஏறிற்று, யூரியா மூட்டையோ கடைத்தெருவிற் கிடைத்தது. மண் இறுகிவிட்டதென எந்தையார் வருந்தினார். ஓயாத சொற்போருக்குப் பின் நடுவே வரப்பிட்டு வயலை இரு கூறாக்கினர். கிழக்குக் கூற்றுக்குக் கிடையும் கொழிஞ்சியும். மேற்குக் கூற்றுக்கு, மண் பரிசோதனைச் சீட்டிற் கண்டபடி கடையுரம். எடையைக் குறித்து வைக்கும் பணி எமக்கு வாய்த்தது.

முதலாண்டு கிழக்குக் கூறு நான்கு மூட்டை குறைந்தது, மறுவாண்டு இரண்டு. கிழக்கில் மண் பொலபொலவென உதிர்கின்றது என்பார் எந்தையார். மூட்டையே கணக்கு என்பார் தமையனார். எம் கல்லூரிச் சம்பளம் அம்மூட்டைகளிலிருந்தே வருதலின், அவரை மறுத்துப் பேச எமக்கு நா எழுவதில்லை. எந்தையார் ஐந்தாண்டுத் தவணை கேட்டார். தமையனார் மூன்றே தந்தார். வரும் பங்குனியில் மூன்றாவது அறுவடை. அன்று களத்தில் நின்று நிறுத்தற்பொருட்டு, இரண்டு நாள் விடுமுறை வேண்டி எம் ஆசிரியரிடம் இப்பொழுதே விண்ணப்பம் கொடுத்திருக்கின்றோம்.