எந்திரிப்பா, குருவி வீட்டுக்குப் போகணும்!

ஏப்ரலில் நாலு நாள் லீவு போட்டு, மனைவியின் ஊரான உத்தமபாளையத்துக்குக் கிளம்பினோம். மாமியார் விருந்தைவிட எனக்கு முக்கியம், தவணையில் வாங்கிய டெலி லென்ஸ். (இன்னும் ஆறு தவணை பாக்கி. வீட்டில் சொல்லிவிடாதீர்கள்!)

மேகமலைக்குப் போய் இருவாச்சியைப் படம் பிடிப்பதாகத்தான் திட்டம். ''அது 2021-லயே புலிகள் காப்பகம் ஆயிருச்சு மாப்ள. இஷ்டத்துக்குக் காட்டுக்குள்ள நுழைய முடியாது'' என்றார் மாமனார். சரி, முல்லைப் பெரியாற்றங்கரையே போதும் என்று விடிகாலையில் போனேன்.

கோடையில் தண்ணீர் குறைந்து, கரை மண் வெளியே தெரியும். பஞ்சுருட்டானுக்கு அதுதான் சீஸன். கரையில் நீளமாக வளை தோண்டி உள்ளே முட்டை வைக்கும். உடம்பெல்லாம் பச்சை, வாலில் கம்பி மாதிரி நீண்ட இறகு. தேனீயைப் பிடித்தால் அப்படியே விழுங்காது. கிளையில் அடித்து, தேய்த்து, கொடுக்கை எடுத்துவிட்டுத்தான் சாப்பாடு!

வளைக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். என் அதிர்ஷ்டம், அலகில் தட்டானோடு ஒன்று வேலிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. க்ளிக்! பறந்தது... ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அதே கம்பி, அதே தட்டான். க்ளிக்! அரை மணி நேரம் போஸ் கொடுத்தது சார்! எங்க ஆபீஸ் குரூப் போட்டோவில்கூட யாரும் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தர் வந்தார். ''ஏய்யா, எந்திரிச்சு அங்கிட்டுப் போ. நீ பாத்துக்கிட்டே இருந்தா அது எப்படிப் பொந்துக்குள்ள போகும்? குஞ்சுக பசியில கெடக்கும்ல?''

சுருக்கென்றது. எழுந்து வேப்ப மரத்துக்குப் பின்னால் போனேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. விர்ரென்று வளைக்குள் நுழைந்தது, வெறும் அலகோடு வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மிலிந்த் வட்வே என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் இதைச் சோதித்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். வளை கண்ணில் படும் இடத்தில் ஆள் நின்றால், பஞ்சுருட்டான் உள்ளே போகத் தயங்குகிறது. வளை தெரியாத இடத்தில் நின்றால், அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அதாவது, நம் கண்ணுக்கு எது தெரியும் என்று அது கணக்குப் போடுகிறது! பாட்டி இதை ஆடுகளுக்குப் பின்னால் நடந்தே தெரிந்துவைத்திருக்கிறார்.

ஆபீஸில் அந்தப் படத்துக்கு ஏக பாராட்டு. ''என்னமா போஸ் கொடுக்குது!'' என்கிறார்கள். அது போஸ் இல்லை. 'இந்த ஆள் எப்போ கிளம்புவான்?' என்று ஒரு தாயோ தகப்பனோ காத்துக்கொண்டிருந்த முகம். அங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்கு இப்போது என் ரகசியம் ரெண்டு தெரியும்!