மெலிவின் வலிமை

இசையை மேலிருந்து கேட்பதே நம்மில் பெரும்பாலோர் வழக்கம். முதலில் பாடகரின் குரலைக் கேட்கிறோம். அடுத்துக் குழலையும் வயலினையும் கேட்கிறோம். பின்னர்த் தாளத்துக்குத் தலையசைக்கிறோம். இவை அனைத்தையும் தாங்கிக்கொண்டு அடியில் ஓடும் தாழ்ந்த ஒலியைத் தனியே பிரித்துக் கேட்போர் மிகச் சிலரே. பழந்தமிழ் இசை நூலார் ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். தாழ்ந்த நிலைக்கு மெலிவு என்று பெயர். அச்சொல்லின் மற்றொரு பொருளை எண்ணி, அந்நிலையை வலிமையற்றது என்று கருதிவிடலாகாது. மெலிவு என்பது ஒலி நிற்கும் இடத்தின் பெயரேயன்றி, அதன் ஆற்றலின் அளவன்று. இவ்வுண்மையை எனக்கு நன்கு உணர்த்தியது பாஸ் கிடார் என்னும் கருவி. அதிலும், அக்கருவியில் கைதேர்ந்த மூவர் ஒன்றுகூடி வாசித்த வாசிப்பு.

தமிழ்த்துறை மலரில் மேலைநாட்டு இசைக்கருவிக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். அவ்வினாவுக்கு விடை கட்டுரையின் போக்கில் தானே கிடைக்கும்.

பாஸ் கிடார் நீண்ட கழுத்தும் தடித்த நான்கு கம்பிகளும் உடையது. அதன் மிகத் தாழ்ந்த கம்பியை மீட்டினால் அது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அவ்வொலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம். ஒரு வகுப்பறையின் நீளத்துக்கு ஓர் அலை என்று கொள்ளலாம். இக்கருவி தோன்றுமுன் ஆளுயரத்தையும் விஞ்சிய டபுள் பாஸ் என்னும் மரக்கருவியே அப்பணியைச் செய்துவந்தது. அதைச் சுமந்து செல்வதும் கடினம். மற்றக் கருவிகளின் முழக்கத்தில் அதன் ஒலி கேட்பதும் அரிது. 1951ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் மின்விசையால் ஒலிக்கும் பிரசிஷன் பாஸ் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் வீணையில் உள்ளதுபோல் அதில் மெட்டுகள் இருந்தமையால் சுரம் பிசகாமல் நின்றது. துல்லியம் என்னும் பொருளுடைய அப்பெயர் அதனாலேயே அமைந்தது.

இக்கருவியின் வேலை, தாளத்துக்கும் பண்ணுக்கும் நடுவே நிற்பது. டிரம்ஸ் காலத்தைச் சொல்லும். குரல் பண்ணைச் சொல்லும். பாஸ் கிடாரோ காலத்தையே சுரமாக்கிச் சொல்லும். இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் இதனைத் தெளிவாகக் கேட்கலாம். பாட்டுக்கு அடியில் மற்றொரு பாட்டாகவே பாஸ் கிடார் நடந்து செல்லும். அவ்வாறு பல பாடல்களில் வாசித்த சசிதரனின் பெயரை, பாடல்களை மனப்பாடமாக அறிந்தவர்களில் எத்தனை பேர் அறிவர்?

இக்கருவியை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் பெரியப்பா மகன். அண்ணன் 1980களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் கிடார் வாசித்தார். திருமண வீடுகளில் கச்சேரி நடக்கும். இடைவேளையில் அறிவிப்பாளர் பாடகர், கீபோர்டு, டிரம்ஸ், தபேலா என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கைதட்டல் பெற்றுத் தருவார். அண்ணனின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். துண்டறிக்கையிலும் அவர் 'மற்றும் பலர்' என்பதற்குள் அடங்கிவிடுவார். ஒரு நாள் பாட்டின் நடுவே அவருடைய ஆம்ப்ளிபையர் பழுதாகி நின்றது. பாடகி திரும்பிப் பார்த்தார். டிரம்ஸ் வாசித்தவர் தடுமாறினார். கூட்டத்தில் எவரும் பாஸ் நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. பாட்டு ஏனோ மெலிந்துவிட்டது என்றே சொன்னார்கள். சில ஆண்டுகளில், கீபோர்டு வாசிப்பவரே இடக்கையால் பாஸ் வாசிக்கத் தொடங்கினார். ஒருவருக்குரிய ஊதியம் மிச்சம் என்று குழுவினர் அண்ணனை நிறுத்திவிட்டனர். அவர் மின்சாதனக் கடை வைத்துப் பிழைத்தார். கருவியை மட்டும் விற்கவில்லை.

பெயர் விடுபடுதல் நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனம் 1960களில் வெளியிட்ட புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றில் பாஸ் கிடார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றையே கொக்கிபோல் வளைத்து மீட்டும் அவருடைய முறையைப் பின்வந்தோர் பலர் பாடமாகப் பயின்றனர். அவர் வாசித்த இசைத்தட்டுகள் உலகெங்கும் விற்றன. ஆனால் அந்நாளைய தட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிடும் வழக்கம் அந்நிறுவனத்தில் இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தபோதுதான் உறையில் அவர் பெயர் ஏறியது. 1983இல் அவர் மறைந்தார்.

ஜேமர்சன் அடித்தளத்திலேயே நின்றவர். அந்த இடத்திலிருந்து புதியதொரு ஒலியைப் பிறப்பித்தவர் லாரி கிரஹாம். இளமையில் தம் தாயின் இசைக்குழுவில் வாசித்துவந்த அவர், டிரம்ஸ் இல்லாத நிலையில் அக்குறையைத் தீர்க்க வழி தேடினார். கட்டை விரலால் கம்பியை அடித்து முரசொலியை எழுப்பினார். மற்றொரு விரலால் கம்பியை இழுத்துவிட்டுத் தெறிப்பொலியை எழுப்பினார். 'ஸ்லாப்' என்று இன்று உலகம் வியக்கும் முறை இவ்வாறே பிறந்தது. பிறர் இல்லாத இடத்தை நிரப்பப் போய், ஒருவர் தமக்கென ஒரு குரலைக் கண்டடைந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அடியில் நிற்பதற்கென்றே அமைந்த கருவியை மூவர் ஒரே வேளையில் வாசித்தால் என்ன ஆகும்? கேட்பதற்கு எளிய வினா. இசையில் அது பெரிய சிக்கல். உயர்ந்த நிலையில் இனிதாக ஒலிக்கும் இரு சுரங்களை அதே இடைவெளியில் மிகத் தாழ்ந்த நிலையில் ஒலித்தால், காது அவற்றைப் பிரித்தறிய இயலாமல் திணறும். கலங்கிய நீரைப்போல் ஒலி குழம்பிவிடும். ஒருவர் கம்பி 41 அதிர்விலும் மற்றவர் கம்பி 43 அதிர்விலும் நின்றால், ஒலி நொடிக்கு இருமுறை ஏறி இறங்கித் துடிக்கும். போதாக்குறைக்கு, நீண்ட அலைகள் அரங்கின் சுவர்களில் மோதித் திரும்பும்போது சில சுரங்கள் பெருகிச் சில சுரங்கள் காணாமற்போகும். ஆகவே, மூன்று பாஸ் கிடார்கள் கூடும் மேடையில் திறமை மட்டும் போதாது. இடம் விட்டுக்கொடுக்கும் அறிவும் வேண்டும்.

இச்சோதனையில் துணிந்து இறங்கியவர்கள் ஸ்டான்லி கிளார்க், மார்கஸ் மில்லர், விக்டர் வூட்டன் ஆகிய மூவர். தத்தம் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்.எம்.வி. என்று பெயர் வைத்துக்கொண்டு, 2008இல் 'தண்டர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். இடிமுழக்கம் என்பது அதன் பொருள். அதனை ஒட்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மேடையேறினர்.

மூவரும் மூன்று தலைமுறையினர் எனலாம். பிலடெல்பியாவில் பிறந்த கிளார்க், பிரசிஷன் பாஸ் பிறந்த அதே 1951இல் பிறந்தவர். 1976இல் வெளிவந்த அவருடைய 'ஸ்கூல் டேஸ்', பாஸ் கிடார் முன்வரிசைக்கு வந்து தலைமை ஏற்கவும் வல்லது என்று காட்டிற்று. 1959இல் பிறந்த மில்லர், மைல்ஸ் டேவிஸின் 'டுட்டு' என்ற 1986ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெரும்பகுதியை இயற்றியவர். 1964இல் பிறந்த வூட்டன், ஐந்து சகோதரருள் இளையவர். மூத்தவரான ரெஜியிடம் மழலைப் பருவத்திலேயே பாடம் கேட்டவர்.

மூவரும் வாசிப்பது ஒரே வகைக் கருவிதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்னார் என்று சொல்லிவிடலாம். கிளார்க்கின் அலெம்பிக் கருவி சுருக்கென்று தெறிக்கும். டபுள் பாஸில் பழகிய கை என்பதை ஒவ்வொரு வீச்சும் சொல்லும். மில்லர் 1977ஆம் ஆண்டின் பெண்டர் ஜாஸ் பாஸை வாசிப்பவர். அவருடைய கட்டை விரலடியில் எஃகின் பளபளப்பும் அடியாழத்தின் கனமும் ஒருங்கே பிறக்கும். வூட்டனோ கட்டை விரலைக் கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் செலுத்துவார். மிருதங்கத்தில் ஓடும் விரல்களைப்போல் அவருடைய சுரங்கள் நெருங்கி ஓடினும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாக நிற்கும்.

இந்த வேறுபாடே அவர்களுக்கு வழி திறந்தது. ஒருவர் தாழ்நிலையில் நின்று நடையைக் காப்பார். ஒருவர் இடைநிலையில் சுரக்கூட்டுகளை அமைப்பார். ஒருவர் மேல்நிலைக்கு ஏறிப் பண்ணைப் பாடுவார். சிறிது நேரத்தில் பாடியவர் கீழிறங்க, காத்தவர் மேலேறுவார். கிளார்க் சில வேளைகளில் டபுள் பாஸை எடுத்து வில்லால் இழைப்பார். அப்போது ஏனைய இருவரும் விரல்களை அடக்கி அவருக்கு வெளி தருவர். மூவரும் ஒரே வேளையில் விரைவைக் காட்டும் இடங்கள் வியப்பைத் தருகின்றன. அங்கே கை தட்டுகிறோம். ஆயினும் நெஞ்சில் நிற்பவை அவை அல்ல. இருவர் ஒதுங்கி ஒருவர் ஒலிக்கும் இடங்களே நிற்கின்றன.

அந்த இசைத்தட்டை வளைகுடா நாட்டில் பணிபுரியும் உறவினர் ஒருவர் அனுப்பியிருந்தார். அண்ணனின் கடையில் இருவரும் அமர்ந்து கேட்டோம். விரைவான பகுதிகளில் நான் அவர் முகத்தைப் பார்த்தேன்; அவர் அசையவில்லை. 'டுட்டு' வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், "வேகமா வாசிக்கப் பழகிடலாம்ப்பா. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டே வாசிக்கிறாங்க பாரு, அதுதான் லேசுல வராது" என்றார். தம் பெயர் விடுபட்ட மேடைகளைப்பற்றி அன்றும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் கருவியை உறையிலிருந்து எடுத்துக் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். அதுவே அவர் சொன்ன சொல் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் சொன்ன அந்தக் கேட்டல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பயின்றவர்கள், மாதவியின் அரங்கில் கருவிகள் இயைந்த முறையை அறிவர். குழலின் வழியே யாழ் நிற்க, யாழின் வழியே தண்ணுமை நிற்க, தண்ணுமையின் பின்னே முழவு நிற்கும் என்று இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். தண்ணுமை ஆசிரியனின் இலக்கணமும் அங்கே உண்டு. அவன் யாழையும் குழலையும் பாடுவோர் மிடற்றையும் கேட்டு, நிறைக்க வேண்டிய இடத்தில் நிறைத்து, அடக்க வேண்டிய இடத்தில் அடக்கி, எங்கும் மிகைபடாமல் வாசிக்க வல்லவனாம். கைவேகத்தைக் காட்டிலும் செவியையே அவனுக்குச் சிறப்பாக்கியிருக்கிறார் அடிகள். புகார் நகரத்து அரங்குக்கும் எஸ்.எம்.வி. ஏறிய மேடைகளுக்கும் காலத்தாலும் இடத்தாலும் தொடர்பில்லை. ஆனால் கூடி வாசிக்கும் கலைக்கு இரண்டிடத்தும் ஒரே இலக்கணம் இருப்பதைக் காண்கிறோம்.

கல்லூரி போன்ற ஒரு நிறுவனத்துக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். விழா மேடையில் பேசுவோர் குரலையே நாம் கேட்கிறோம். விடிந்ததும் வகுப்பறைகளைத் திறப்பவரும், நூலகத்தில் புத்தகத்தை எடுத்துத் தருபவரும், இம்மலரின் மெய்ப்பைத் திருத்துபவரும் மெலிவில் ஒலிப்பவர்கள். அவர்கள் ஒரு நாள் நின்றால் நமக்குப் பாட்டு மெலிந்ததுபோல் தோன்றும். நின்றது எது என்று சொல்லத் தெரியாது. திறன் மிக்க மாணவர் பலர் ஒரு வகுப்பில் கூடும்போதும் இதே நிலைதான். ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் உரக்க ஒலித்தால் குழப்பமே மிஞ்சும். எப்போது ஒலிப்பது, எப்போது தாங்குவது என்று அறிந்தவர்கள் கூடினால் அங்கே இசை பிறக்கும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்களுக்கு விருப்பமான பாடலைக் கேட்கும்போது, பாடகரின் குரலை ஒரு தடவை விட்டுவிடுங்கள். குழலையும் தாளத்தையும் கடந்து கீழே இறங்கிச் சென்று கேளுங்கள். அங்கே ஒருவர் பொறுமையாக நடந்துகொண்டிருப்பார். அவர் யார் என்று தேடி, பெயரை அறிந்துகொள்ளுங்கள்.