சிலோன் ரேடியோ கேட்ட கரை

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் கடல்தான். இடப்பக்கம் சத்தமில்லாமல் கிடப்பது பெண் கடல். வலப்பக்கம் அலையடித்துக் கொண்டிருப்பது ஆண் கடல். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சாலை முடியும் இடத்தில் அசோகர் தூண். அதற்கு அப்பால் மணல் திட்டுகள். சுமார் 30 கி.மீ. தூரத்தில் தலைமன்னார்.

இங்கே வருகிறவர்கள் செல்ஃபி எடுக்க போனை நீட்டும்போது, சில நேரம் திரையில் இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்து நிற்கும். இளையவர்கள் சிரித்துக்கொண்டே அதைப் படம் பிடிப்பார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் சிறுவயதிலேயே அந்தக் கரையிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

1925-ல் கொழும்பில் தொடங்கிய வானொலியை நம் ஊரில் எல்லோரும் ‘சிலோன் ரேடியோ’ என்றுதான் சொன்னார்கள். 1950-களில் நம் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை வெகுவாகக் குறைத்துவிட்டது. விவித் பாரதி வந்தது 1957-ல்தான். பாட்டுக்கு ஏங்கிய காதுகள் கொழும்பு பக்கம் திரும்பின. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் எல்லாம் இந்தக் கரையில் வீட்டு மனிதர்களின் பெயர்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டபடிதான் பல வீடுகளில் அடுப்பு பற்றவைத்தார்கள்.

பாம்பனில் பிறந்து, திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண்மணி. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். அவருக்கு ஒரே ஒரு பாட்டு பிடிக்கும், பி.சுசீலா பாடியது. அதற்குக் காரணம் ராகமும் இல்லை, படமும் இல்லை.

ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில்தான் ரேடியோ. கடலுக்குப் போகும் அவருடைய அண்ணன், தங்கையின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லிப் பாட்டு போடும்படி கொழும்புக்குக் கடிதம் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குத் தங்கை தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். குடத்தோடு திரும்பியபோது வாசலில் கூட்டம். “ஒம் பேரை ரேடியோவுல சொன்னாங்கடி!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஓடிப் போய்க் கேட்டபோது பாட்டின் கடைசிச் சரணம் போய்க்கொண்டிருந்தது. பெயர் போய்விட்டது.

“அழாத. அடுத்த வருசமும் எழுதிப் போடுறேன்” என்றார் அண்ணன். அடுத்த வருடமும் எழுதினார். வரவில்லை. அதற்கடுத்த வருடம் தங்கைக்குக் கல்யாணம்.

1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. அதன்பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலும் எண்பதுகளில் நின்றது. அங்கே போர் மூண்டது. அகதிகளைச் சுமந்த படகுகள் இந்தக் கரைக்கு வந்தன. சிலோன் ரேடியோவில் வாழ்த்துக் கேட்டவர்களே அந்தக் குடும்பங்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். பேச்சைக் கேட்டதுமே அவர்களுக்குப் பழகிய குரல் போல இருந்தது.

அண்ணன் இப்போது இல்லை. வருடத் திதிக்கு ராமேஸ்வரம் வந்த அந்தப் பெண்மணியைப் பேரன் அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போனான். ஹெட்போனைச் செருகி, போனில் எஃப்.எம். தேடினான்.

“அப்பத்தா, சிலோன் கெடைச்சிருச்சு!”

“எங்கய்யா, குடு.”

ஒரு பக்க ஒயரை அவர் காதில் வைத்தான். யாரோ ஒரு பெண் குரல், கொஞ்சம் இழுத்துப் பேசும் அந்த ஊர்த் தமிழில், பிறந்தநாள் வாழ்த்துப் பெயர்களை வாசித்துக் கொண்டிருந்தது. அம்மா, அப்பா, அம்மம்மா, சித்தப்பா, மாமா என்று வாழ்த்துகிறவர்களின் வரிசை நீண்டது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஒனக்கு யாரையாச்சும் தெரியுமா அப்பத்தா?”

“தெரியாது. முழுசாக் கேட்டுட்டு வர்றேன், இரு.”

பெயர்கள் முடிந்து பாட்டு தொடங்கியது. புதுப் பாட்டு, அவர் கேட்டே இராதது. அதையும் கடைசிச் சரணம் வரை கேட்டார். பிறகுதான் ஒயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெண் கடல் பக்கமாக இறங்கிக் கால் நனைத்தார்.