அரிசிப் பானையில் வெந்த ப்ளைவுட்

எங்கள் வீட்டு அடுப்பில் ஒருநாள் காலை முழுக்க ப்ளைவுட் துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. பால் ஊற்ற வந்தவர் வாசலிலேயே மூக்கைச் சுளித்து, "என்ன சார், கஷாயம் போடுதீங்களா?" என்றார். "இல்ல, வள்ளம் வேகுது" என்றாள் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் கோபம் பழைய அரிசிப் பானையை நான் எடுத்ததற்காக அல்ல. இரண்டு மாதம் முன்பு நடந்த ஒன்றுக்காக.

நாங்கள் நாகர்கோவில்வாசிகள். மகள் பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்த நேரம். கயாக் எனப்படும் ஒற்றையாள் படகை வீட்டிலேயே செய்யும் வீடியோ ஒன்றைக் காட்டி, "நாமளே செய்யலாம்ப்பா" என்றாள். நான் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். உளி பிடித்துப் பழக்கமில்லை. ஆனால், கல்லூரி விடுதிக்குப் போகப்போகிற பிள்ளை, லீவு முழுக்க என்னோடு சேர்ந்து ஒரு வேலை செய்யக் கூப்பிடுகிறாள். எந்த அப்பன் மாட்டேன் என்பான்?

தண்ணீர் என்றாலே மனைவிக்குப் பயம். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், லைஃப் ஜாக்கெட் போட வேண்டும், நான் கூடவே நிற்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தாள்.

செய்முறை கேட்க எளிது. ப்ளைவுட்டை வரைபடத்தின்படி நீள நீளமாக அறுக்க வேண்டும். ஓரங்களில் துளையிட்டு, துணி தைப்பதுபோல் செம்புக் கம்பியால் தைக்க வேண்டும். பிறகு மூட்டுகளில் எபாக்ஸி பசை பூசி, ஃபைபர் துணி ஒட்ட வேண்டும். 1960களில் இங்கிலாந்தில் வந்த 'மிரர்' என்ற சிறிய பாய்மரப் படகுதான் இந்த முறையைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தச்சர் அல்லாதவரும் செய்யலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

நான் தவறியது அறுப்பதிலும் தைப்பதிலும் இல்லை. பலகை வாங்கியதில்.

"மெரைன் ப்ளைவுட் இருக்கா?" என்று ஒரு கடையில் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார். இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான். கிச்சன் கபோர்டுக்கே இதத்தான் கொண்டு போறாங்க" என்றார்கள். விலை பாதிக்கும் குறைவு. மகிழ்ச்சியாக மூன்று ஷீட் எடுத்தேன். அதே சிக்கன புத்தியில் ஃபைபர் துணியை மூட்டுகளோடு நிறுத்திவிட்டு, மற்ற இடமெல்லாம் பெயின்ட் அடித்தேன்.

மணக்குடிக் காயலில் இறக்கினோம். முதல் இரண்டு ஞாயிறு அருமையாகப் போனது. மூன்றாவது ஞாயிறு, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மகள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அடிப்பலகை அப்பளம்போல் உப்பி, அடுக்கு பிரிந்து விலகியது. தண்ணீர் உள்ளே ஏறியது. நல்லவேளை, இடுப்பளவு ஆழம்தான். மகள் சிரித்துக்கொண்டே இறங்கி நடந்து வந்தாள்.

மனைவி சிரிக்கவில்லை. வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "பலகையில எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுவாரம், உடைந்த துண்டோடு முட்டம் பக்கம் ஒரு வயதான மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். 1980களில் எங்கள் கடற்கரையில் ப்ளைவுட் வள்ளங்கள் பரவத் தொடங்கிய காலத்தில் தொழில் கற்றவர். துண்டை வாங்கி, அடுக்குக்கு நடுவில் நகத்தைக் கொடுத்து, வாழைப்பட்டையை உரிப்பதுபோல் உரித்துக் காட்டினார்.

"மரம் தண்ணிக்குப் பயப்படாது சார். பசைதான் பயப்படும்" என்றார்.

அன்று அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். படகு செய்யாவிட்டாலும் சமையலறை அலமாரி செய்யும்போது உதவும்.

கடைகளில் எம்.ஆர். என்று விற்பது ஈரப்பதத்தைத் தாங்கும்; நனைந்தே கிடந்தால் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதைவிட மேல். இவை இரண்டும் ஐ.எஸ். 303 என்ற தரத்தில் வருபவை. படகுக்கான மெரைன் ப்ளைவுட்டின் இந்தியத் தரம் ஐ.எஸ். 710. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது என்பது சோதனை.

பலகையில் 710 என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால், அது யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பசைக்கோடு கருஞ்சிவப்பாக இருந்தால் நல்ல பசை என்பார்கள். சாயமும் அதே நிறத்தில் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, நாலு ஓரத்தையும் பார்க்க வேண்டும். நடு அடுக்கில் சந்து இருந்தால் அங்கே தண்ணீர் தங்கும்; வளைக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். உள்ளே ஒளிந்திருக்கும் சந்தைக் கண்டுபிடிக்க, நாணயத்தால் தட்டிக்கொண்டே போகலாம். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் பொத்தென்று மாறினால் அந்த ஷீட் வேண்டாம். மேல் அடுக்கு காகிதம்போல் மெலிந்திருந்தாலும் வேண்டாம். உப்புத்தாள் போடும்போதே தேய்ந்து போய்விடும்.

"கனமா 6 மி.மீ. வாங்கிரட்டுமா?" என்றேன். மேஸ்திரி சிரித்தார். "வலையும் மீனும் ஏத்தவா போறீங்க? பிள்ள தோள்ல தூக்கிட்டுப் போணும்லா?" கயாக்குக்கு 4 மி.மீ. போதும், பலத்தில் பாதியை ஃபைபர் துணி கொடுத்துவிடும். ஆப்பிரிக்க மரமான ஒகூமேயில் செய்த 4 மி.மீ. ஷீட், எட்டுக்கு நாலு அடி அளவில் சுமார் 6 கிலோதான் இருக்கும். நம் ஊரில் கிடைக்கும் குர்ஜன் ஷீட் அதைவிட இரண்டு மூன்று கிலோ கூடும். ஒகூமே எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. குர்ஜன் என்று முடிவு செய்தோம்.

இந்த முறை வாங்குமுன் மூன்று கடைகளில் கையகலத் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். அவைதான் அரிசிப் பானையில் வெந்தவை. நாலு மணி நேரம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுநாள் மறுபடி கொதிக்கவிட்டோம்.

முதல் துண்டு ஒரு மணி நேரத்திலேயே பரோட்டாவாகப் பிரிந்தது. இரண்டாவது, மறுநாள் ஓரத்தில் வாய் திறந்தது. மூன்றாவதை மனைவியே எடுத்தாள். கத்தி முனையை அடுக்குக்குள் விட்டு நெம்பினாள். திருப்பிப் போட்டு நெம்பினாள். மரம் சிலும்பியதே தவிர பசை விடவில்லை.

"இந்தக் கடையிலயே வாங்குங்க" என்றாள். விலையைக் கேட்கவே இல்லை.

எட்டடி ஷீட்டில் பதினாறு அடிப் படகு வராது. இரண்டு ஷீட்டைச் சேர்க்க, முனைகளைச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். கனத்தைப்போல் எட்டு மடங்கு சரிவு, அதாவது 4 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. அந்தச் சரிவை மகள்தான் சீவினாள். ஓரம்தான் பலகை தண்ணீர் குடிக்கும் வாய் என்பதால், வெட்டிய ஒவ்வொரு ஓரத்துக்கும் எபாக்ஸி கொடுத்து மூடினோம். வெளிப்புறம் முழுக்க ஃபைபர் துணியும் போட்டோம்.

படகை மறுபடி மணக்குடிக்குக் கொண்டுபோன அன்று மனைவியும் வந்தாள். மகள் ஏறி உட்காரும்வரை, முழங்கால் தண்ணீரில் நின்று படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "விடும்மா" என்று மகள் மூன்று தடவை சொன்ன பிறகுதான் விட்டாள்.

மகள் இப்போது விடுதியில் இருக்கிறாள். லீவுக்கு வந்தால் முதல் ஞாயிறு காயலுக்குத்தான். எங்கள் சமையல் மேடையில், குக்கரை இறக்கி வைக்க ஒரு கையகலப் பலகை கிடக்கிறது. இரண்டு நாள் வெந்த அதே மூன்றாவது துண்டு. தினமும் சூடும் ஈரமும் பட்டும் இன்னும் ஓரம் பிரியவில்லை. குக்கரைத் தூக்கும்போதெல்லாம் மனைவி அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறாள்.